சுகந்தியின் இடக்கை

ஒக்டோபர் 12, 1972. வியாழன்
விடியலிலிருந்து தூறல். உடுப்பு ஒன்றும் காயவில்லை. சுகந்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வலக்கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பாது. கைப்பயிற்சி சொல்லித்தரும் மிஸ் என் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டா. "வீட்டில செய்விக்கிறேல்லை, என்ன?" தலை குனிந்தேன். நோகுது என்று பிள்ளை அழுதால் விட்டுவிடுகிறேன். பாசமாம். மண்ணாங்கட்டி.
"எழுத்துக்கு இடக்கை நல்லா இருக்கு. அதாலயே எழுதட்டும்" என்றா.
தை மாதம் பள்ளிக்கூடம். வாற செவ்வாய் விஜயதசமி, கோயிலில் ஏடு தொடக்க வேண்டும். ஊரே பார்க்க, அரிசியில் இடக்கையால் 'அ'னாவா?

14, சனி
வாங்க: கற்பூரம், பச்சையரிசி, வெற்றிலை, சிவப்பு றிபன்.
எதிர்வீட்டு ராணி மாமி வந்தா. "நல்ல கையைக் கட்டிவிடு பிள்ளை. மற்றது தானாப் பழகும்." றிபனால் இடக்கையை இடுப்போடு கட்டினேன். விளையாட்டென்று சிரித்தாள். பிறகு பென்சில் பிடிக்க ஏலாமல் அழுதாள். "அது கூடாத கை, சாமிக்குப் பிடிக்காது" என்றேன். நானா அப்படிச் சொன்னேன்?
இவர் துறைமுகத்து வேலை முடிந்து வந்து அவிழ்த்துவிட்டார். "எந்தக் கையால எழுதினா என்ன? நேவியில சலூட் அடிக்கவே போறாள்?"
எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவருக்கென்ன. பிள்ளை பிறந்த அன்றைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவம் என்றுதான் நின்றார். கரிநாள், படியிறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது நான். வீட்டிலேயே நோக்கண்டு, பிள்ளையின் தோள் சிக்கி, மருத்துவிச்சி இழுத்து... அந்தக் கை என்னால் போனது. ஒருநாளும் அவர் சொல்லிக் காட்டியதில்லை. காட்டினால் சண்டையாவது பிடிக்கலாம்.

15, ஞாயிறு
இவருக்கு இன்றும் கப்பல் வேலை. போன பிறகு திரும்பவும் கட்டினேன். அவள் அழவில்லை. கறி அடிப்பிடித்துவிட்டது.

17, செவ்வாய்
கோயிலில் நல்ல சனம். ஐயர் அவளை மடியில் இருத்தி வலக்கையைப் பிடித்து இழுத்தார். வீரிட்டாள். பாவம், பதறிப்போனார். "நோகுதே? அப்ப மற்றக் கையைத் தாங்கோ குஞ்சு."
இடக்கையைச் சட்டைக்குள் ஒளித்தாள். "ஏலாது. அது கூடாத கை. அம்மா கட்டுவா."
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இவர் மட்டும் பார்க்கவில்லை.
அரிசியில் ஒன்றும் எழுதாமலே திரும்பினோம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவர் முன்னால். தட்டத்தோடு நான் பின்னால்.
வீட்டில் அவளிடம் சொன்னேன்: "சாமி அப்பிடிச் சொல்லேல்லையம்மா. நான்தான் பொய் சொன்னனான்." ஓம் என்று தலையாட்டினாள். பென்சிலைக் கொடுத்தேன். தொடவில்லை.

18, புதன்
மழை விட்டது. கைப்பயிற்சி முழுதும் செய்வித்தேன், அழ அழ. இரண்டு பேரும்தான்.
பிறகு தலை பின்ன உட்கார்ந்து றிபனை எடுத்தேன். ஓடிவந்தாள். இடக்கையை நீட்டினாள்.
"தலைக்குக் குஞ்சு, தலைக்கு."
கையை எடுக்கவில்லை.