அவன் சொன்னா சரிதான்

3 மார்ச்

1. நான், கோவிந்தராசு மகன் தனசேகரன், வழக்கறிஞன்.
2. இதை எழுதத் தூண்டியவர் எவருமில்லை, பயத்தைத் தவிர.

செம்பவாங் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டிய அப்பா, இன்று தேக்கா சந்தையில் மீன்பையோடு நின்று, "நாம எந்த வழியா வந்தோம்?" என்றார். மறதிநோயின் தொடக்கம் என்பது மருத்துவரின் கருத்து.

தமக்காக முடிவெடுக்க என்னை நியமித்து அவர் நீடித்த அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். தாமே புரிந்து தீர்மானிக்கும் திறன் இருக்கும்போதே கையெழுத்திட்டால்தான் அது செல்லும். அத்திறன் போய்விட்டால் நீதிமன்றம்தான். அங்கே அலைந்த குடும்பங்களை அறிவேன்.

11 மார்ச்

ஜாலான் புசாரில் டாக்டர் முகம்மது யூசுப்பின் கிளினிக். அப்பா புரிந்துதான் கையெழுத்திடுகிறார் என்று சான்றளிக்க வேண்டியவர் அவர். நியமிக்கப்படுபவன் என்பதால் நான் வெளியே இருந்தேன்.

"சார், எதைக் கேட்டாலும் 'என் மகன் சொன்னா சரிதான்'ங்கிறாரு. அவருக்குப் புரியுதா, இல்ல நீங்க சொல்லச் சொன்னீங்களா? சைன் பண்ண முடியாது லா," என்றார் டாக்டர் வெளியே வந்து.

நானும் கையெழுத்திட்டிருக்க மாட்டேன். அப்பாவுக்கு அது மகனைப் பற்றிய பெருமை. சட்டத்துக்கு அது வற்புறுத்தலின் சாயல்.

12 மார்ச்

பதிலைச் சொல்லிக்கொடுத்தால் அது அவர் முடிவாகாது. சொல்லிக்கொடுக்காவிட்டால்? நாள் போகுதே — என்ன செய்யப் போறேன்?

19 மார்ச்

தனியாக வெளியே போய்விடுவாரோ என்று கேட்டைப் பூட்டிச் சாவியோடு அலுவலகம் சென்றேன். மாலையில் வந்தபோது சட்டை மாட்டி, சந்தைப்பையை மடியில் வைத்து, கேட்டருகே உட்கார்ந்திருந்தார்.

தங்கை கண்மணி தொலைபேசியில் கத்தினாள். "அண்ணா, அவரு என்ன கைதியா? தேக்காவுல பாதிப் பேருக்கு அவரத் தெரியும்!"

"தொலைஞ்சு போனா?" என்றேன்.

27 மார்ச்

மறுபடியும் கிளினிக். டாக்டர் இம்முறை கேள்வியை மாற்றினாராம்: "உங்க மகன் தப்பா முடிவெடுத்தா என்ன பண்றது?"

அப்பா சிரித்தாராம். "பேங்க், வீடு எல்லாம் அவன் பாக்கட்டும், கெட்டிக்காரன். ஆனா நான் எங்க இருக்கணும், எங்க போகணும்ங்கறத கண்மணி பாக்கட்டும். அவன் பயந்தாங்கொள்ளி. பயத்துல என்னைப் பூட்டி வச்சிருவான்."

"பத்திரத்த மாத்தி எழுதிக்கிட்டு வாங்க சார். நல்லாவே புரியுது அவருக்கு," என்றார் டாக்டர்.

வெட்கமா, நிம்மதியா — பிரித்துச் சொல்ல இயலவில்லை.

4 ஏப்ரல்

மாற்றி எழுதிய பத்திரத்தில் நேற்று அப்பா கையெழுத்திட்டார், டாக்டரும் சான்றளித்தார். கேட் சாவி இப்போது கண்மணியிடம். காலையில் அப்பா தனியாகத் தேக்காவுக்குப் போனார். இன்னும் வரவில்லை. சன்னலருகே நின்று எழுதுகிறேன்.

ஒப்பம்: தனசேகரன்

மேற்கண்டவன் பயந்தவன் என்பதற்குச் சாட்சிகள்:
கண்மணி
கோவிந்தராசு, தெளிந்த அறிவுடன், சந்தையிலிருந்து திரும்பியபின்