கோட்டுப் போட்ட படம்

ஞாயிறு, இரவு.

பக்கத்து வீட்டு மேரியக்கா, இறந்துபோன கணவரின் நினைவு அட்டைக்கு எதைப் போடலாமென்று கேட்க இரண்டு படங்கள் கொண்டுவந்தார். ஒன்றில் அவர் இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு படகருகே நிற்கிறார். மற்றதில் அதே முகத்தை ஸ்டூடியோவில் வெளுப்பாக்கிக் கோட்டு மாட்டியிருந்தார்கள்.

ஆசிரியனான நான் மாணவனாய்ப் போகும் புகைப்பட வகுப்பில் கேட்பதுபோல், “கண்ணைப் பாருங்கோ, என்ன தெரியுது?” என்றேன்.

“இதிலை வெயிலுக்குச் சுருக்கிறார். உதிலை சுருக்கமெல்லாத்தையும் வழிச்செடுத்துப்போட்டாங்கள், மாஸ்டர்.”

உடனே கனடாவிலுள்ள மகனை ஸ்பீக்கரில் அழைத்தார். “தம்பி, உந்தக் கோட்டுக்காரனை எனக்குத் தெரியாது. என்ரை மனுசனைப் போடுவம்.”

“அப்பாவுக்கு ஒரு நல்ல உடுப்பும் நான் வாங்கிக் குடுக்கேல்லை அம்மா. அதுதான் கோட்டுப் போடச் சொன்னனான்.”

அக்கா கோட்டுப் படத்தையும் கையில் எடுத்தார். “சரி ராசா, பின்பக்கத்திலை கோட்டோடையும் போடுவம்.”

நானோ அந்தக் கோட்டைப் பார்த்து மனதுக்குள் சிரித்திருந்தேன். அது எங்கிருந்து வந்ததென்று கேட்கத் தோன்றவில்லை.