கயிறு பிடித்த கை

தூத்துக்குடி
3-10-2024

அன்பு மகள் ஜெனிலாவுக்கு,

நீ குதிரையிலிருந்து விழுந்திருக்கிறாய். தலை தரையில் அடித்திருக்கிறது. இதை நீ எழுதவில்லை, வார்டனும் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன்.

'ஹெல்மெட் சின்னதாகிவிட்டது, புதுசு வேண்டும்' என்று போன கடிதத்தில் ஒரு வரி எழுதினாய் அல்லவா? ஜூன் மாதம் வாங்கிய ஹெல்மெட். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நான்கு மாதத்தில் கால் வளரும், கை வளரும், தலை இவ்வளவு வளருமா? சென்னைக் கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன் அந்தத் தம்பி, "பழசு அடி வாங்கிடுச்சா சார்?" என்றான். ஏன் கேட்கிறாய் என்றேன். "தலையோட ஒரு தடவை தரையில பட்டா அப்புறம் அதைப் போடக்கூடாது சார். வருஷ நடுவுல கேக்குறவங்க எல்லாம் அதுக்குத்தான் கேப்பாங்க" என்றான்.

குடோனில் நின்றவன் அப்படியே சங்குச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

முப்பது வருஷமாகச் சங்கு வியாபாரம் பண்ணுகிறேன். வெளியே வழவழவென்று இருக்கிற சங்கைத் தட்டிப் பார்த்தே உள்ளே கீறல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். என்னிடம் ஹெல்மெட் கதை விடலாமா, ஏளா?

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டிருப்பேன். வார்டன் மேஜைக்கு எதிரே நின்று பத்து நிமிஷம் பேசுகிற பேச்சில் உண்மை வராது. அதனால்தான் எழுதுகிறேன். பெங்களூர் போட்டிக்கான சம்மதப் படிவம் என் மேஜையில் கிடக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் போட்டி, பெரிய பெருமை, எல்லாம் தெரியும். நடந்ததை நடந்தபடி நீ எழுதுகிற வரைக்கும் அதில் என் கையெழுத்து விழாது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே டாக்ஸி பிடித்து ஊட்டிக்கு மலையேறிவிடுவாள்.

உன் அப்பா,
செல்வதுரை

—

பள்ளி விடுதி
13-10-2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

மன்னித்துக்கொள்ளுங்கள். நடந்தது இதுதான்.

செப்டம்பர் பதினான்காம் தேதி, பயிற்சி. என் குதிரை ஜூலியும் நானும் ஐந்து தடைகளைத் தாண்டிவிட்டோம். ஆறாவது, சிவப்பும் வெள்ளையுமாக இரட்டைக் கட்டை. கிட்டே போனதும் எனக்கு என்னவோ போல் ஆகி, கடைசி நொடியில் கடிவாளத்தை இழுத்துவிட்டேன். தாண்டக் காலைத் தூக்கினவள் குழம்பிப்போய் நின்றாள். நான் மட்டும் தாண்டினேன்.

கோச் பாலகணேஷ் சார் ஓடி வந்து, "உங்க அப்பா பேரு என்னம்மா?" என்று கேட்டாராம். எனக்குப் பெயர் வரவில்லை. "சங்கு" என்று சொன்னேனாம். பிள்ளைகள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்த இரண்டு நிமிஷம் எங்கே போயிற்று என்று எனக்கு இன்னும் தெரியவில்லை அப்பா.

ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. மூன்று வாரம் ஓய்வு. வார்டன் உங்களுக்குப் போன் போடப் போனார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கெஞ்சி நிறுத்தினேன். அவரைத் திட்டாதீர்கள். இப்போது மறுபடியும் ஏறுகிறேன். ஏறுமுன் இரவல் ஹெல்மெட்டின் வாரை மூன்று தடவை அவிழ்த்து மாட்டுகிறேன், அவ்வளவு பயம். ஏறிவிட்டால் ஜூலிக்கு அது தெரிந்துவிடும், ஒரு காதை என் பக்கம் திருப்புவாள். நான் மூச்சை விடுவேன். அப்புறம் இரண்டு பேரும் சரியாகிவிடுவோம்.

பழைய ஹெல்மெட் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இடது காதுக்கு மேல் மயிரிழை மாதிரி ஒரு கீறல், அவ்வளவுதான். தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

படிவம் இம்மாத முடிவுக்குள் வரவேண்டும் என்கிறார் சார். போட்டி நவம்பர் பதினாறு. கையெழுத்துப் போடுங்கள் அப்பா.

உங்கள் அன்பு மகள்,
ஜெனிலா

—

தூத்துக்குடி
18-10-2024

அன்பு மகள் ஜெனிலாவுக்கு,

உண்மையை எழுதினாய். சந்தோஷம் என்று சொல்ல முடியவில்லை, ஆனாலும் சரி.

உன் கடிதம் வந்த அன்று குடோனில் டிரைவர் மாடக்கண்ணுவின் போனை வாங்கி, குதிரைப் போட்டி வீடியோ பார்த்தேன். ஒன்றைத் தொட்டால் அடுத்தது அதுவாக வருகிறது. எல்லாம் விழுகிற வீடியோ. ஒரு பையன் மேல் குதிரையே உருண்டது. மாடக்கண்ணு போனைப் பிடுங்கிக்கொண்டான். "இதையெல்லாம் பாக்காதீய அண்ணாச்சி. குதிரை என்ன, அது பாட்டுக்கு ஓடும். நம்ம லோடு வண்டிக்கு பிரேக்கே இல்ல, அதுல நான் தெனம் ஹார்பருக்குப் போயிட்டு வாரேம்லா?" என்கிறான். அவன் ஆறுதல் சொல்கிற லட்சணம் அது. வண்டியை அன்றைக்கே ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிட்டேன்.

கையெழுத்துப் போட்டுப் படிவத்தைக் கூரியரில் அனுப்பியாயிற்று. புது ஹெல்மெட்டும் வரும். உன் சாரிடம் போனில் பேசினேன். தன்மையான மனுஷன். எல்லாம் பேசி முடித்துவிட்டேன், நீ ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா உனக்குக் கருப்பட்டி மிட்டாய் அனுப்பச் சொன்னாள், வைத்திருக்கிறேன். குதிரைக்குக் கொடுத்துத் தீர்க்காதே.

உன் அப்பா,
செல்வதுரை

—

பள்ளி விடுதி
3-11-2024, ஞாயிறு

அப்பாவுக்கு,

நீங்கள் பேசி முடித்தது என்ன என்று தெரிந்துவிட்டது.

ஜூலியை எனக்குக் கொடுக்கக்கூடாது, கிழட்டுக் குதிரை கர்னலைக் கொடுத்தால்தான் கையெழுத்து என்று சாரிடம் சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். சார் பத்து நாள் தயங்கிவிட்டு, போன திங்கட்கிழமை என்னைக் கர்னல் மேல் ஏற்றினார். காரணம் கேட்டேன். "உங்க அப்பா வியாபாரி இல்லையாம்மா, பேசியே என்னை மடக்கிட்டார்" என்றார்.

கர்னலுக்கு இருபது வயது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு மைதானத்தைச் சுற்றி வருகிறவன். வயதான குதிரை மெதுவாகப் போகும், மெதுவாகப் போனால் விழாது என்று கணக்குப் போட்டுவிட்டீர்கள். தாண்டுகிறபோது மெதுவாகப் போவதுதான் அப்பா ஆபத்து. பின்கால் கட்டையில் தட்டும். இந்த வாரம் மூன்று தடவை தட்டிவிட்டான். மூன்றாவது தடவை முன்னங்கால் மடங்கி முழங்காலை ஊன்றிவிட்டான். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டதால் நான் விழவில்லை. அவனுக்கு முழங்காலில் ரத்தம். இறங்கிப் பார்த்தால் பாவம், என் பாக்கெட்டில் மிட்டாய் தேடுகிறான்.

முன்பெல்லாம் ஏறுகிற வரைக்கும்தான் பயம். இப்போது மேலே உட்கார்ந்திருக்கும்போதும் பயம். போட்டியில் கட்டை இன்னும் ஒரு சாண் உயரம்.

உங்களுக்குப் பிடிக்காத சரக்கை மாற்றி எடுக்கிற மாதிரி குதிரையை மாற்றிவிட்டீர்கள். நான் போகக்கூடாது என்றால் போகாதே என்று நேராகச் சொல்லியிருக்கலாம். அழுதிருப்பேன், ஆனால் கேட்டிருப்பேன். போ என்று சொல்லிவிட்டுப் பின்னால் இருந்து இழுத்தால் நான் என்ன செய்ய?

நீங்கள் எழுத்தில் கொடுக்காமல் சார் ஜூலியைத் தரமாட்டார்.

ஜெனிலா

—

தூத்துக்குடி
7-11-2024

ஜெனி,

சாருக்கு எழுதி இதே கூரியரில் அனுப்பியிருக்கிறேன். போனிலும் சொல்லிவிட்டேன். ஜூலிதான். கர்னலை இனி யாரும் தாண்டவைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவன் முழங்காலுக்கு நான்தான் காரணம்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உன் அம்மாவுக்கே பாதிதான் தெரியும்.

நம் குடோனில் சங்கு பிரிக்கிற ரோச் அண்ணன் இடது காலை இழுத்து இழுத்து நடப்பார் அல்லவா? நீ யூகேஜி படிக்கும்போது அவரைப் போல நடந்து காட்டினாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் உன்னை அடித்தேன். நீ பிறந்ததிலிருந்து உன்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். ஏன் அடித்தேன் என்று நீ கேட்டதில்லை.

எனக்குப் பதினேழு வயது இருக்கும்போது நடந்தது இது. சாத்தான்குளத்திலிருந்து வந்து சங்குக் கடையில் வேலைக்கு நின்ற புதுசு. ரோச் அண்ணன் திரேஸ்புரத்தில் பேர்போன குளியாளி. இடுப்பில் கயிறு, வாயில் காற்றுக் குழாய், ஒன்பது பாகம், ஐம்பதடிக்கு மேல், ஆழம் இறங்கிச் சங்கு எடுப்பார். வள்ளத்தில் இருந்து அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் குளியாளியின் மச்சானாகத்தான் இருக்க வேண்டும். பெஞ்சாதியோடு கூடப் பிறந்தவன். அக்காள் தாலி அவன் கையில் இருக்கிறதால் கயிற்றைக் கவனமாகப் பிடிப்பான் என்று அந்தக் காலத்திலிருந்து அப்படி ஒரு முறை. அன்றைக்கு மச்சான் ஜோன்ஸுக்குக் காய்ச்சல். வேடிக்கை பார்க்க ஏறின என் கையில் கயிறு வந்தது. "ஏலே, ரெண்டு இழுப்பு நான் இழுத்தா நீ மெதுவா தூக்கு. நான் இழுக்காம நீ இழுக்காத. வானமே இடிஞ்சாலும் இழுக்காத" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. மேலே காற்றுக் குமிழி வந்துகொண்டிருந்தது. திடீரென்று காற்றடித்துக் கடல் கலங்கியது. குமிழி கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் செத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பயம் வந்தால் கைக்குத் தனி மூளை முளைத்துவிடும். இழுத்தேன். நின்று நின்று வரவேண்டிய மனுஷனை ஒரே மூச்சில் மேலே தூக்கிவிட்டேன். கீழே அவர் சௌக்கியமாகச் சங்கு எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆழத்திலிருந்து அப்படி வந்தால் ரத்தத்தில் காற்றுக் கொப்புளம் கட்டிவிடும். மேலே வந்ததும் மூக்கில் ரத்தம். சாயங்காலத்துக்குள் இடது கால் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் கடலில் இறங்கவில்லை.

அவரை நான் வேலைக்கு வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று ஊரில் பேச்சு. ஊர் என்னத்தைக் கண்டது.

விழுந்த கதையை எழுதின கடிதத்தில் நீ சொல்லியிருந்தாய், கடைசி நொடியில் கடிவாளத்தை இழுத்தேன் என்று. அந்த வரியில் என் கண் நின்றது. நின்றும் புத்தி வரவில்லை, மறுநாளே உன் சாருக்குப் போன் போட்டேன். இது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் உறைத்தது.

இப்போதும் எனக்குப் பயம்தான். போகவில்லை. போன் மணி அடித்தால் உன் பள்ளி நம்பரா என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஆனால் பெங்களூருக்கு வருகிறேன். வேலிக்கு வெளியே நிற்பேன். பாதியில் விட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் கையைத் தூக்கு, அதுதான் முறையாம், சார் சொன்னார். நீ கையைத் தூக்காத வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அப்பா

—

பள்ளி விடுதி
24-11-2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

பெங்களூரில் பேசவே முடியவில்லை. குதிரைகளை லாரியில் ஏற்றி முடித்ததும் எங்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். நீங்கள் ஜன்னல் வழியாகக் கொடுத்த இட்லியை ஊர் எல்லை தாண்டித்தான் பிரித்தோம். பொடி தடவினது நீங்கள்தானே? அம்மா இவ்வளவு எண்ணெய் ஊற்ற மாட்டார்கள்.

அங்கே நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மணி அடித்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. ஐந்து தடைகள் வரைக்கும் எப்படிப் போனேன் என்று தெரியாது. ஆறாவதும் அதே இரட்டைக் கட்டை. அதே சிவப்பு வெள்ளை. யாரோ வேண்டுமென்றே வைத்த மாதிரி. நான் இழுக்கவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் இழுத்திருக்கிறேன். ஜூலி நின்றுவிட்டாள். கழுத்து வரைக்கும் சரிந்து, அவள் பிடரி மயிரைப் பிடித்துத் திரும்ப உட்கார்ந்தேன். அந்த நொடி உங்களைப் பார்த்தேன். வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து நின்றீர்கள். சத்தம் வரவில்லை.

அப்போது எனக்குக் கையைத் தூக்க வேண்டும் போலிருந்தது. பாதி தூக்கியும்விட்டேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்புறம் ஹெல்மெட் வாரைச் சரிசெய்கிற மாதிரி இறக்கிவிட்டேன். ஜூலி ஒரு காதைத் திருப்பினாள். சுற்றிக்கொண்டு வந்து, இந்தத் தடவை கடிவாளத்தை விட்டுக்கொடுத்தேன். கண்ணை மூடிவிட்டேன். சாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

முப்பத்திரண்டு பேரில் பதினொன்றாவது. மார்ச்சில் மறுபடியும் ஒரு போட்டி இருக்கிறதாம், ஹைதராபாத்தில். பெயர் கேட்கிறார்கள். பயம் போகவில்லை. கொடுக்கட்டுமா?

ரோச் மாமாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அவரைப் போல நடந்து காட்டினதற்கு மன்னிப்பும் கேளுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
ஜெனிலா

—

தூத்துக்குடி
29-11-2024

அன்பு மகள் ஜெனிலாவுக்கு,

நீ கையைப் பாதி தூக்கினதைப் பார்த்தேன். அந்த அரைக்கைக்கே என் ஒரு கால் வேலிக்கு உள்ளே போய்விட்டது. நீ வாரைச் சரிசெய்தாய். நான் காலை எடுத்து வெளியே வைத்தேன். அதை எடுத்து வைக்கப் பட்ட பாடு இந்த முப்பது வருஷ வியாபாரத்தில் எதற்கும் பட்டதில்லை. நீ கண்ணை மூடினாய் என்கிறாய். நானும் மூடிவிட்டேன். ஆக அந்தத் தாண்டலை நம் வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

ரோச் அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். சங்கைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "பிள்ளை எதுக்குலே மன்னிப்பு கேக்கா? நல்லாத்தான நடந்து காட்டினா" என்றார். இன்னொரு சங்கை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீ இப்பவாவது கயித்தை ஒழுங்கா பிடிச்சியே" என்றார். நான் அடுத்த சாக்கை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன்.

ஹைதராபாத்துக்குப் பெயர் கொடு. இனி நமக்குள் பேச்சு இப்படி. விழுந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே எனக்கு எழுத வேண்டும், தலை வளர்ந்த கதையெல்லாம் வேண்டாம். நீ முழுக்கையையும் தூக்காமல் நான் இழுக்க மாட்டேன், குதிரையிலும் கை வைக்க மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு நீ வந்ததும் அம்மாவிடம் இரண்டு பேரும் சேர்ந்து சொல்வோம், ஆரம்பிக்க வேண்டியது நீ. பழைய ஹெல்மெட் இனி உன் கட்டிலுக்கு அடியில் இருக்கக்கூடாது. வரும்போது கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிடு, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இனி என் வேலை. புது ஹெல்மெட்டுக்கு விலை அதுதான்.

உன் அப்பா,
செல்வதுரை