இரண்டு குடம் கோமியம்

மீன்களைக் கொன்றது நீ இல்லை. என் அப்பா.

இதைச் சொல்ல ஒன்றரை வருடம் தாமதம். அதில் கடைசி ஒரு வருடம் நீயே இல்லை. எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. தெரிந்த நேரத்திலிருந்து அந்தக் கோமிய வாடை என் மூக்கை விட்டுப் போகவில்லை. சோற்றில்கூட அடிக்கிறது.

போன வெள்ளிக்கிழமை சந்தையிலிருந்து புதுக் கறவை மாடு ஒன்றை ஓட்டி வந்தார்கள். கட்டுத்தரையில் கட்டுவதற்கு முன்னால் அப்பா ஒரு சொம்பில் கோமியத்தையும் மஞ்சளையும் கரைத்து, மாவிலையால் நாலு மூலைக்கும் தெளித்தார். நான் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் நின்று சிரித்தபடி சொன்னாள்: "இன்னைக்கு அளவாத்தான் தெளிக்கறீங்க. அன்னைக்கு மீன் தொட்டில ரெண்டு கொடத்தையும் அப்படியே கவுத்துப்போட்டீங்க."

"என்னைக்கும்மா?"

"அமாவாசைக்கு ஒறம்பரைக வந்தாங்கல்ல கண்ணு, அதுக்கு மொத நாளு. கீரை பறிச்சு ஆக்கோணுமே. அந்தப் புள்ள தொட்டிக்குள்ள எறங்கிப்போட்டாளேன்னு சுத்தி பண்ணுனாரு."

ரசத்துக்குப் புளி போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அப்பா மாவிலையை உதறுவதை நிறுத்தவில்லை. என் கை தவிட்டுக்குள் நின்றுவிட்டது.

நீ இருந்திருந்தால் அந்த நொடியே உனக்குப் புரிந்திருக்கும். எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கட்டுத்தரைக் குழியில் நாள்கணக்கில் தேங்கிய மாட்டு மூத்திரம், இரண்டு குடம், ஆயிரம் லிட்டர் தண்ணீரில். அம்மோனியா. எந்த ஒன்றை மீனிடமிருந்து பிரித்தெடுக்க நாம் இரண்டு மாதம் பாடுபட்டோமோ, அதையே அப்பா குடம் குடமாகக் கொட்டியிருக்கிறார். சுத்தம் செய்வதற்காக.

கல்லூரிக்குப் போகிற பேருந்தில்தான் நீ அந்தப் படத்தை முதலில் வரைந்து காட்டினாய். பல்லடத்தில் ஆரம்பித்தால் கோயம்புத்தூர் வரை உன் வாய் ஓயாது. மீன் அசுத்தம் செய்த தண்ணீர் பம்பில் மேலே ஏறும். ஜல்லிக்குள் வேர் விட்ட கீரை அந்த அசுத்தத்தைத் தின்னும். தெளிந்த தண்ணீர் மறுபடி மீனுக்கே இறங்கும். மண் வேண்டாம், யூரியா வேண்டாம், ஆவியாகிப் போகிற தண்ணீரை மட்டும் ஊற்றினால் போதும். "உங்ககிட்ட எடம் இருக்குது, எங்கிட்ட மூளை இருக்குது. ரெண்டையும் சேத்துப்போடலாமாடி?" என்றாய்.

உங்கள் காலனியில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். ஒரு டிரம் வைக்க இடமில்லாத வீட்டில் பிறந்த உனக்குத்தான் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் வழி தோன்றியது. மூன்று போர்வெல் போட்டு இரண்டு வற்றிப்போன தோட்டத்தில் பிறந்த எனக்குத் தோன்றவில்லை. இதை யாரும் உன்னிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பேருந்திலும் கல்லூரியிலும் நான் உனக்கு 'டி'. எங்கள் தோட்டத்து கேட்டைத் தாண்டினால் நான் 'அம்மணி', 'வாங்க', 'சொல்லுங்க'. நீ மாற்றிக்கொள்ளும் வேகத்தைப் பார்த்தால் வண்டியில் கியர் போடுவது போலிருக்கும். ஒருநாள் கீரை வளர்க்க ஒரு டிரம்மை நெடுக்காக அறுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாய்: "உங்கப்பா எருமைக் கன்னுக்குக்கூட 'வாங்க சாமி'ன்னுதான் பேசறாரு. எங்கம்மாகிட்ட வர்றப்பத்தான் அந்த 'ங்க' தீந்துபோகுது." நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். இப்போது யோசித்தால் நான் சிரித்திருக்கக் கூடாது.

கட்டுத்தரைக்குப் பக்கத்தில் முன்பு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய பழைய சிமென்ட் தொட்டியைத் தேய்த்துக் கழுவினோம். அதன் மேல் அறுத்த நீல டிரம்களை வரிசையாக வைத்தோம். ஜல்லியை ஏழு தடவை அலசச் சொன்னாய். ஐந்தாவது தடவையில் நான் உன்னைத் திட்டினேன். ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஜிலேபி மீன் குஞ்சுகளைக் காற்று நிரப்பிய பைகளில் மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தோம். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இதுக்கும் டிக்கெட் போடட்டுங்களா அம்மணி?" என்றார். "கொழந்தைகளுக்கு ஃப்ரீ இல்லீங்களா?" என்று நீ கேட்டாய்.

அப்புறம் தோட்டத்துப் பிராணிகளோடு ஒரு போர். ஆடுகள் புதினாவை மொட்டையடித்தன. கோழிகள் ஜல்லியைச் சீய்த்து வேரை வெளியே போட்டன. ஒருநாள் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து தொட்டிக்குள் மூஞ்சியை முக்கி உறிஞ்சியது. நீ மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குடிச்சுட்டுப் போகுது உடு புள்ள. மீனு மூக்கக் கடிச்சா அதுவா வாய எடுத்துக்கும்."

எருமை வாய் வைத்ததற்கு யாரும் மஞ்சள் கரைக்கவில்லை.

உன் அம்மா எங்கள் தோட்டத்தில் புல் அறுப்பாள், சாணி வழிப்பாள், தக்காளி பறிப்பாள். பால் கறக்க மாட்டாள். தண்ணீர்க் குடத்தைத் தொட மாட்டாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பாவிடம் காரணம் கேட்டிருக்கிறேன். "வெள்ளாமைக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு. தண்ணின்னா வேற" என்றார், பேருந்து நேரத்தைச் சொல்வதுபோல. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

தண்ணீர் ஓடி மண்ணுக்குள் போய்விடும் என்றால் அவர் கண்டுகொள்ளாமல் இருந்திருப்பார். நீ கட்டியதோ ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிற தொட்டி. பம்பு அடைத்துக்கொண்ட அன்று நீ இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சரி செய்தாய். அந்தத் தண்ணீர் கீரைக்குப் போகும், கீரை எங்கள் அடுப்புக்குப் போகும், அங்கிருந்து விருந்துக்கு வரும் ஒறம்பரைகளின் இலைக்கு வரும். அப்பா உன் அமைப்பைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார். என்னைவிடச் சரியாக.

அமாவாசையன்று மத்தியானம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சாயங்காலத்துக்குள் எல்லாம் வெள்ளை வயிறு. கோழிகள் தொட்டி விளிம்பில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. நீ கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்தைச் சொட்டினாய். மஞ்சள் நிறம் வந்தால் நலம், பச்சை வந்தால் ஆபத்து என்று எனக்குச் சொல்லித் தந்தவள் நீ. அன்று வந்த பச்சை கரும்பச்சை. தண்ணீரும் லேசாக மஞ்சளித்திருந்தது. தீனி கரைந்திருக்கிறது என்று நீயே முடிவு செய்தாய். வாடையை நாம் சந்தேகப்படவே இல்லை. கட்டுத்தரைப் பக்கம் எப்போதும் அடிப்பதுதானே.

"தீனிய அதிகமாப் போட்டுட்டேன்டி. நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டேன்." கேட்டுக்கு உள்ளே நீ என்னை 'டி' போட்டது அன்று ஒரு தடவைதான்.

நானும் நம்பினேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை பால் சொசைட்டியில், கேனோடு வரிசையில் நின்றவர்கள் மத்தியில், அப்பா சொன்னார்: "காலனிப் புள்ளைய தொட்டில கை வெக்க உட்டேன், அத்தன மீனும் போச்சு." அந்த வரிசையில் கோழிப்பண்ணைக்காரர் ஒருவரும் இருந்தார். தன் பண்ணையில் நான்கு தொட்டி போட்டுத்தரச் சொல்லி, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் உனக்கே தருவதாகச் சொன்னாரே, அவர்தான். அடுத்த நாள் உனக்குப் போன் செய்து, "பொறகு பாக்கலாம் புள்ள" என்றார். நீ விலங்கியல் பட்டத்தை மடித்து வைத்துவிட்டுத் திருப்பூரில் பனியன் பேக்கிங்குக்குப் போனாய். அடுத்த மழைக்காலத்தில் எட்டு நாள் காய்ச்சல். அவ்வளவுதான் உன் கதை என்று ஊர் முடித்துக்கொண்டது.

காய்ச்சலுக்கு முந்தின வாரம் போனில் பேசினாய். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, "அரைக் கைப்பிடி தீனிக்கு அவ்வளவு பச்சை வராதுடி. கணக்கு எங்கயோ இடிக்குது" என்றாய். உன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டைத்தான் நீ கணக்கில் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாட்டைக் கட்டியதும் அப்பாவிடம் கேட்டேன். "கோமியம் எங்கயாவது கொல்லுமா கண்ணு? மருந்துன்னு குடிக்கறாங்க அத" என்றார். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் கோமியத்தை ஊற்றி, உன் கண்ணாடிக் குழாயில் எடுத்து, மருந்தைச் சொட்டி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கரும்பச்சை. நீண்ட நேரம் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. பார்த்தது புரிந்தது என்பது எனக்குத் தெரிந்தது.

"செரி, ஆனது ஆச்சு. அவளே இல்ல இப்ப. யாருகிட்டப் போயி என்னத்தச் சொல்றது?"

உன் அம்மாவிடம் போய் நானே சொன்னேன். அவள் அரிவாளைத் தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அழவில்லை. இத்தனை நாளும் "எம்புள்ள அவசரக்காரி, அதனால வந்தது" என்று ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு நீங்க சொல்லி என்னங்க அம்மணி ஆகறது?" என்றாள். "சொசைட்டில அத்தன பேருக்கு முன்னால எம்புள்ள மேல பழியப் போட்டது பண்ணாடிங்க. எடுக்கறதும் அவுரு வாயாலதான் எடுக்கோணும்."

தோட்டக்காரரை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பண்ணாடி என்று. அந்த வார்த்தையைச் சொல்லும்போதுகூட அவள் குரலில் மரியாதை குறையவில்லை. எனக்குத்தான் உடம்பு கூசியது.

தொட்டியை மறுபடி நிரப்பிவிட்டேன். கோமியக் குழிக்கும் தொட்டிக்கும் நடுவே என் கையாலேயே ஹாலோபிளாக் சுவர் வைத்தேன். யார் கேட்டாலும் எதற்கென்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்த பெரியப்பாவிடமும் சொன்னேன். அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். உன் அம்மா உன் நோட்டைக் கொடுத்திருக்கிறாள். தேதி, தீனி, நிறம், நீ போட்ட குட்டி மீன் படங்கள். கடைசிப் பக்கத்தில் 'என் தவறு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாய். அதை அடித்துவிட எனக்கு உரிமை இல்லை. சுமந்துகொண்டு திரிகிறேன். மீன் குஞ்சு விடும் நாளில் முதல் பையை நீங்கள்தான் திறக்க வேண்டும் என்று உன் அம்மாவைக் கேட்டேன். "பண்ணாடிங்க சொல்லட்டும். அப்பறம் கை வெக்கறேன்" என்றாள். அதனால் தொட்டி இன்னும் மீன் இல்லாமல்தான் ஓடுகிறது.

இன்று காலை பால் சொசைட்டிக்கு நானும் போனேன். அப்பாவுக்கு முன்னும் பின்னும் ஏழெட்டுப் பேர். கோழிப்பண்ணைக்காரரும் இருந்தார். நான் வரச்சொல்லியிருந்ததால் உன் அம்மா வேப்பமரத்தடியில் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். அப்பா கேனை மேடையில் வைத்ததும் கேட்டேன்.

"அப்பா, அன்னைக்கு மீன் தொட்டில என்ன ஊத்துனீங்கன்னு இவங்களுக்குச் சொல்லுங்க."

அப்பா மூடியைத் திருகித் திறந்தார். பால் அளக்கிறவர் தலையைத் தூக்கினார். "ஊட்டுச் சமாச்சாரத்த ஊட்டுல வெச்சுப் பேசிக்கலாமல்லங்க அம்மணி?"

"பழியப் போட்டது இங்கதானுங்க" என்றேன். "அப்பா, சொல்லுங்க."

அப்பா பாலை ஊற்றினார். அளவைப் பார்த்தார். சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். வரிசை நகரவில்லை. உன் அம்மா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காலிக் கேனை மொபெட்டில் மாட்டினார். நான் போய் வண்டியின் முன்னால் நின்றேன்.

"என்ன ஊத்துனீங்கன்னு சொல்லுங்கப்பா."