டுமீல் சத்தமும் ரீகன் மாமாவும்

பெனிட்டா,

கோயிலில் பாட்டுப் பயிற்சி முடிந்து வந்ததும் பாரை மீன் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடு. நாலு மணிக்கு ரீகன் மாமா வருவார். அவருக்கும் எடுத்து வை.

இந்த வாரக் காமிக்ஸ் பார்சல் நேற்றே வந்துவிட்டது. நீதான் பிரிக்க வேண்டும் என்பது அம்மா வைத்த வழக்கம். தெரிந்தும் நான் பிரித்துவிட்டேன். மூன்றையும் படித்தும்விட்டேன்.

குதிரை வீரன் கதை சுமார்தான், முடிவு பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. துப்பறியும் கதையில் மழை பெய்யும் படங்கள் அருமை. கடலடிக் கதையில் உயிரோடு ஓடுகிற நீலக்கால் நண்டைச் சிவப்பாகப் போட்டிருக்கிறார்கள். வரைந்தவர் நண்டைக் குழம்பில் மட்டும்தான் பார்த்திருப்பார் போல. இப்படி எதையாவது மாமா உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படித்தேன்.

போன சனிக்கிழமை, "நீங்க வாசிச்சா செபமாலை சொல்ற மாதிரி இருக்குப்பா. டுமீல்கூட மெதுவாத்தான் வருது. மாமாவே வாசிக்கட்டும்" என்றாய். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். மாமா வாசித்தார், நீ சிரித்தாய். அப்படியே அம்மாவின் சிரிப்பு. அவள் இறந்தபின் இந்த ஒரு வருடத்தில் என்னிடம் நீ அப்படிச் சிரித்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

முதல் இரண்டையும் மாமாவோடு வாசித்துக்கொள். நண்டுக் கதை என் பையில் இருக்கிறது. ஆறு மணிக்கு வந்து நானே வாசிப்பேன்.

அப்பா

பி.கு.: பாம்பன் பாலத்துக் காற்றில் எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேட்காது. போகும்போதும் வரும்போதும் பைக்கில் டுமீல் சொல்லிப் பழகிக்கொள்கிறேன்.