முருங்கைக்கு ஊற்றிய மருந்து

14.02.2023, செவ்வாய்

இன்று தங்கச்சி சுகந்திக்குக் கமரா விட்டுக் குடலைப் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை. எனக்குப் போன வருடமே பார்த்து ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். அப்பா பெருங்குடல் புற்றுநோயில் போனபடியால் பிள்ளைகள் இருவரும் பார்க்க வேண்டுமென்று கட்டளை.

குடல் கழுவ நாலு பைக்கற் பேதி மருந்து. பாதி முதல்நாள் பின்னேரம், பாதி அன்று விடிய. விடியக் குடித்துவிட்டு எழுவைதீவில் வள்ளம் ஏறி, அங்கால் பஸ்ஸும் ஏறி யாழ்ப்பாணம் சேர்வதற்குள் மானம் மரியாதை மிஞ்சுமா? போன வருடம் நான் செய்ததையே அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். விடியற் பங்கை முருங்கை அடியில் ஊற்று, கேட்டால் முழுக்கக் குடித்தேன் என்று சொல்.

“முருங்கைக்கு வயித்தாலை போனா நீதான் அண்ணை கழுவோணும்,” என்றாள்.

போன வருடம் எனக்குப் பார்த்த அதே தனியார் ஆஸ்பத்திரி டொக்டர்தான், நல்ல விரைவு. வாசலில் நான் வாங்கிய தேத்தண்ணி ஆற முன்னம் அவளை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். திரும்பி வரும்போது வள்ளம் ஓட்டும் நிருபனுக்கு முருங்கைக் கதை முழுவதும் சொன்னேன். “கமரா விடுறதெண்டா அந்த மனிசன்தான். உன்ரை வள்ளத்தைவிடக் கெதி.” வள்ளத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

20.11.2024, புதன்

சுகந்தி மெலிந்துவிட்டாள். நாலு மாதமாக இரத்தம் போகிறதாம், இன்றுதான் சொன்னாள். மூலம் என்கிறாள். “கமராவிலை ஒண்டுமில்லையெண்டு பேப்பர் இருக்குத்தானே.” நானும் ஓம் என்றேன். “நாள் முழுக்கக் குந்தியிருந்து கருவாடு வித்தா மூலம் வராமல் முத்தோ வரும்?”

06.01.2025, திங்கள்

வேறு ஆஸ்பத்திரி. முதல்நாளே யாழ்ப்பாணம் போய் என் மனிசி கிறிஸ்ரினாவின் தமக்கை வீட்டில் தங்கினோம். சுகந்தி நாலு பைக்கற்றும் குடித்தாள்.

டொக்டர் பிரியவதனி வெளியே வந்து என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னா. அப்போதே விளங்கிவிட்டது.

கட்டி.

பழைய பேப்பரைப் பார்த்தா. அது ஆங்கிலம். நாங்கள் கடைசி வரியை மட்டும் ஆளைக் கொண்டு வாசிப்பித்தவர்கள்.

“குடல் சுத்தம் போதாது எண்டு எழுதியிருக்கு. அப்பிடியெண்டா திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கோணும். கூப்பிடேல்லையோ?”

“இல்லை.”

“மருந்து முழுக்கக் குடிச்சவவோ?”

“ஓம்,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

21.01.2025, செவ்வாய்

ஈரலில் மூன்று இடத்தில் இருக்கிறதாம்.

டொக்டர் ஒரு கொப்பி வைத்திருக்கிறா. கமரா விட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. குடல் சுத்தமா, கமராவை வெளியே இழுக்க எத்தனை நிமிடம், குடலுக்குள் சதைமுளை கண்டதா.

“முளைதான் பிறகு புற்றுநோயா மாறுறது. கமராவை வெளியில இழுக்கேக்கைதான் அதைத் தேடுறது. குறைஞ்சது ஆறு நிமிசமெண்டாலும் ஆறுதலாப் பாக்கோணும். உங்கடை வயதிலை நாலு பேரைப் பாத்தா ஒராளிலையெண்டாலும் காணோணும். காணேல்லையெண்டா சனம் சுகமா இருக்கெண்டு நான் நினைக்கிறேல்லை. நான் வடிவாப் பாக்கேல்லை எண்டுதான் நினைக்கிறது.”

பழைய பேப்பரில் நிமிடம் எழுதவில்லையாம். எனக்குத் தெரியும். ஒரு தேத்தண்ணி ஆறாத நேரம்.

கடலட்டை எடுக்கிறவர்களை நினைத்துக்கொண்டேன். ஒரே இடத்தில் இறங்கி ஒருவன் பை நிறையக் கொண்டுவர, மற்றவன் வெறுங்கையோடு வந்து அட்டையே இல்லை என்றால், நாங்கள் கடலைக் குறை சொல்வதில்லை. ஆனால் தண்ணி கலங்கியிருந்தால் எவன் இறங்கினாலும் தெரியாது.

கலக்கினது ஆர்?

23.02.2025, ஞாயிறு

பூசை முடிந்து சுகந்தி வீட்டுக்குப் போனேன். புற்றுநோய்க்கு ஊசி ஏற்றிய களைப்பில் படுத்திருந்தாள். சொல்லிவிட்டேன்.

“டொக்டரிட்டை முழுக்கக் குடிச்சதெண்டு பொய் சொன்னனான். உன்னை ஊத்தச் சொன்னதும் நான்தானே.”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு திரும்பாமலே, “ஊத்தினது என்ரை கை,” என்றாள். “அதை விடு. நீயும் ஊத்தினனிதானே? உன்ரை குடலை ஆர் பாத்தது?”

எனக்கு இதுவரை அது உறைக்கவேயில்லை.

18.03.2025, செவ்வாய்

நாலையும் குடித்தேன். மேசையில் ஏற முன்னம் டொக்டரிடம் முருங்கைக் கதையைச் சொன்னேன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

“குடிக்க ஏலாமப் போனதெண்டு சொல்லியிருந்தா வேறை நாள் தந்திருப்பினம். நீங்கள் சொல்லாட்டிலும், கலங்கலைக் கண்ட ஆள் திருப்பிக் கூப்பிட்டிருக்கோணும்.” என்னையும் அந்தப் பழைய டொக்டரையும் அவ விடவில்லை.

பதினொரு நிமிடம். இரண்டு முளை. அங்கேயே வெட்டி எடுத்துவிட்டா.

19.03.2025, புதன்

“எத்தினை?” என்று சுகந்தி கேட்டாள்.

“ரெண்டு.”

“எடுத்தாச்சோ?”

“ஓம்.”

“அப்ப சரி.” கொஞ்சம் பொறுத்து, “முருங்கை சுகமா இருக்கோ?” என்றாள்.

பகிடிக்குத்தான் கேட்டாள்.

10.08.2025, ஞாயிறு

விடிய நாலரைக்குப் போய்விட்டாள்.

09.09.2025, செவ்வாய்

முப்பத்தோராம் நாள் பூசை. நிருபனும் வந்திருந்தான். நாளைக்குக் காலை எட்டு மணிக்கு அவனுக்குக் கமராவாம், அதே பிரியவதனி டொக்டரிடம். காலை வள்ளத்தில் போகிறேன் என்றான். “பயப்பிடாதை அண்ணை, நீ அண்டைக்குச் சொன்ன மாதிரிப் பாதியை...” என்றவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

சாப்பாட்டுக்கு நான் நிற்கவில்லை. அவன் வீட்டுக்குப் போய் மருந்தையும் உடுப்பையும் பையில் போட்டேன்.

“வள்ளம் ஓட்டுறவனையே வள்ளத்திலை ஏத்துறியோ?”

“ஏறடா.”

பின்னேர வள்ளத்தில் நானும் ஏறினேன்.

10.09.2025, புதன்

கிறிஸ்ரினாவின் தமக்கை வீடு. விடிகிறது. நிருபன் மூன்று பைக்கற் முடித்துவிட்டான். நாலாவதைக் கரைத்துக் கையில் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். அவன் கண் யன்னலுக்கு வெளியே நின்ற வாழைமரத்துக்குப் போனது.

கதிரையை இழுத்து, யன்னலை மறைத்துப் போட்டு இருந்துகொண்டேன்.