ஜோனின் படகு ஓடிய கிழமை

1975 மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஹோம்புஷ் ஸ்டேஷனில் ரயில் பிந்தியது. குடை வீட்டில்.

பட்டறைக் கன்ரீனுக்கு வெள்ளையடித்து, சுவரில் புதிதாக ஒரு படம். சின்ன மரப்படகு. பின்தளத்தின் இருபக்கமும் டிரம் போல, கடலுக்குள் போட்டு வெடிக்கும் ஆழ்குண்டுகள். தேநீரும் கையுமாக நின்றுவிட்டேன். போர்க்காலத்தில் திருகோணமலையில் நீர்மூழ்கிகளைத் துரத்த இதே மாதிரிப் படகுகள்தான். அப்படி ஒன்றின் எஞ்சின் அறையில் இரண்டு வருடம் கிடந்தவன் நான்.

கன்ரீன் நடத்தும் ஜோனிடம் கேட்டேன். கணவர் ரெட் நியூ கினிப் பக்கம் அந்தப் படகில் இருந்தாராம். பிறகு இந்த நாட்டுக் கடற்படை விற்றபோது அதையே வாங்கிவிட்டார். போன வருடம் இறந்துபோனார். படகு ஆற்றோரம், படகு திருத்தும் ஒரு யார்டில் கட்டிக் கிடக்கிறது. சனி மதியத்துக்குள் தானாக ஓடி வெளியேறாவிட்டால் உடைக்கப் போகிறார்கள். நிறுத்த இடம் இருக்கிறது, ஆற்றின் மேற்புறம் ஜோனின் அண்ணன் வீட்டுத் துறை. எஞ்சின் செத்துவிட்டதென்று இரண்டு மெக்கானிக் சொல்லியாயிற்று.

"நான் ஒருமுறை பார்க்கலாமா?" என்றேன். வாய் தானாகக் கேட்டது.

4, செவ்வாய்

நல்ல வெயில். வேலை முடிந்து நேரே யார்டு. எழுபத்திரண்டு அடி. சாயம் உரிந்து, கூரை முழுக்கப் பறவை எச்சம். ஏணியால் கீழே இறங்கியதும் அந்த மணம். டீசல், ஈர மரம். முழங்கால் நோவு மறந்துபோனது.

இடது எஞ்சினுக்குப் பற்றரி மட்டும் இல்லை. வலது இறுகிக் கிடக்கிறது. சிலிண்டர்களுக்குள் மண்ணெண்ணெய் விட்டு வந்தேன்.

சட்டை நாசம். மனைவி பத்மா: "பட்டறை காணாதெண்டு இப்ப ஆத்திலயும் வேலையோ?"

நேவியில் இருந்தவன் என்பது ப.வுக்குத் தெரியும். அதற்கு மேல் சொன்னதில்லை. கலியாணமாகி இருபத்து நாலு வருடம்.

5, புதன்

தேவை: பற்றரி 2, செப்புக் குழாய் நாலு அடி, ரப்பர் வளையம், பழந்துணி, ரோர்ச் லைற். வீட்டுக்குப் பாண், பருப்பு.

வலது எஞ்சினை இரும்புக் கம்பியால் நெம்பினேன். அசையவில்லை. திரும்பவும். கால் சுற்று!

மேலிருந்து ஜோன்: "அது என்ன சத்தம்?"

"உங்கள் எஞ்சின்."

ஏணிப்படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டீசல் தொட்டியில் பாதி தண்ணீர். அந்த இரண்டு மெக்கானிக்கும் திறந்தே பார்க்கவில்லை போல.

6, வியாழன்

ப. சாப்பாட்டோடு யார்டுக்கே வந்துவிட்டாள். பிட்டு, கத்தரிக்காய்க் கறி. ஜோன் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

பிறகு ப. சேலையைச் செருகிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள்.

"இதுக்குள்ள எத்தினை பேர்?"

"படகில பன்னிரண்டு. இந்த அறையில ரெண்டு."

"நீர்மூழ்கி ஏதும் கண்டனீங்களோ?"

சொன்னேன். ஒருநாள் கடலுக்கடியில் ஏதோ சத்தம் கேட்கிறதென்று கருவிக்காரன் சொல்ல, முழு வேகம். எட்டு ஆழ்குண்டு. ஒவ்வொன்றுக்கும் பலகையெல்லாம் துள்ளி, சாயம் உரிந்து தலையில் கொட்டியது. கீழே இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. மேலே ஏறிப் பார்த்தால் கடல் முழுக்கச் செத்த பாரை மீன். மூன்று நாள் மீன்கறி.

ப. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, "பயமில்லையோ?"

"பயந்தனான். கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், அவ்வளவுதான்."

எண்ணெய்க் கையென்றும் பாராமல் பிடித்துக்கொண்டாள்.

7, வெள்ளி

மழை. அரை நாள் லீவு. டீசல் பீச்சும் இன்ஜெக்டர் எல்லாம் கழற்றிக் கழுவினேன். பற்றரி போட்டதும் இடது எஞ்சின் முதல் தட்டிலேயே ஓடியது. வலது இருமியது, புகைந்தது, நின்றது. மூன்று முறை. யார்டுக்காரர் எட்டிப் பார்த்து, "நாளைப் பன்னிரண்டு மணி" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் கூடுதலாகக் குத்தியது.

8, சனி

மேகமே இல்லை. ப.வும் வந்தாள்.

ஏழாவது சிலிண்டரின் வால்வு ஒட்டியிருந்தது. நேற்றே பார்த்திருக்க வேண்டும். பதினொன்று பத்துக்கு வெள்ளைப் புகை, கறுப்புப் புகை, பிறகு அந்தச் சத்தம். இரண்டு எஞ்சினும் சேர்ந்து! கத்தினேன். எனக்கே கேட்கவில்லை.

யார்டுக்காரர் தானே கயிறவிழ்த்துத் தொப்பியை வீசினாராம். ஜோன் சுக்கானில். ரெட் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வேகத்துக்குக் கட்டளை, மேலே ஒரு கைப்பிடியைத் திருப்ப, கீழே என்னிடம் மணியடித்து வரும். அந்தக் கைப்பிடி ப.விடம். ஐந்து நிமிடப் பயிற்சி.

மணி. மெதுவாக முன்னே. மணி. பாதி வேகம். பாலம் தாண்டி, ஆறு விரிந்ததும் மணி. முழு வேகம். கொடுத்தேன். பலகையெல்லாம் அதிர்ந்தது.

ஏணித் துவாரத்தில் ப.வின் முகம், கையைத் தாழ்த்திக் காட்டிக் கத்துகிறாள்: "இஞ்சேருங்கோ, பிழையா அடிச்சிட்டன், குறையுங்கோ."

பின்னால் சுக்கானிலிருந்து ஜோனின் கத்தல்: "குறைக்க வேண்டாம்."

குறைக்கவில்லை.